வெடிக்கு ஓடிய மாப்பிள்ளைக்கு

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் என் உடம்பைப் பற்றி இரண்டு வரி, அப்பாவின் முட்டுவலியைப் பற்றி ஒரு வரி. கடைசிப் பக்கத்தின் அடியில், 'ஆகையால் கரமனைக்காரர்களிடம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடவும்' என்று ஒரு வரி. நடுவில் முழுக்க நாய். ருஷ்யா தேசத்தில் யாரோ ஒரு பண்டிதர் நாய்க்குத் தீனி வைக்கும்போதெல்லாம் மணி அடித்தாராம். கொஞ்ச நாளில் தீனி இல்லாமல் மணி மட்டும் அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறியதாம். அது போலத்தான் உனக்கும் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடுகிறதாம், அதில் உன் இஷ்டம் என்று ஒன்றும் இல்லையாம். ஏழாம் கிளாஸோடு நின்றவள் நான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை முடித்தபோது வந்த ஆத்திரத்துக்கு, நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் இருபத்தேழு வயசு வாத்தியார் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். சென்னைப் பட்டணத்துக் காலேஜில் மனோதத்துவம் நடத்துகிறவன், மனுஷனுக்குப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன், தன் பயத்துக்கு ஒரு நாயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்! நன்றாயிருக்கிறது.

நடந்ததை நானே ஒரு தடவை எழுதுகிறேன். ஏனென்றால் நீ அதை 'அன்றைய அசம்பாவிதம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். ஆவணி மாதம், கரமனையில் செண்பகத்தின் வீட்டில், நிச்சயதாம்பூலம் மாற்றியாகிவிட்டது. செண்பகம் தட்டில் காப்பி கொண்டுவந்து உன் முன்னால் நின்று, முதல் தடவையாக நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். நீயும் பார்த்தாய். அந்த நேரம் பார்த்து, மதிலுக்கு அந்தப் பக்கம் பகவதி கோயிலில், எவரோ நேர்ந்துகொண்ட வெடி வழிபாட்டுக்குக் கதினாவைக் கொளுத்தினார்கள். இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்து வைக்கிற வெடி. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும், யார் இல்லை என்றது? தட்டு ஒரு பக்கம், தம்ளர் ஒரு பக்கம், சூடு காப்பி மாமனாராகப் போகிறவர் மடியில். நீ அடுக்களை வழியாகப் பின்பக்கம் இறங்கி, வாழைக்கூட்டத்தைத் தாண்டி, ஆற்றங்கரையோடு ஓடியே போய்விட்டாய். நான் வாய் கூசாமல், "வயித்துக் கோளாறு, காலம்பற இருந்தே சரியில்ல" என்றேன். அந்த நல்ல மனுஷர் வேட்டியைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கென்ன மைனி, வயிறுன்னா எல்லாருக்கும் உள்ளதுதானே. கல்யாணம் நல்லபடியா கூடினா நூத்தியொண்ணு வெடின்னு பகவதிக்கு நேந்திருக்கேன். தாலி ஏறின ஒடனே தொடங்கிரலாம்" என்றார். நீ திரும்பி வரவே இல்லை. நேரே வலியசாலையில் நம் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தாய், மறுநாள் ரயில் ஏறினாய். நூற்றொரு வெடியைப் பற்றி உனக்கு எழுதினது என் புத்திகெட்டத்தனம். எழுதின கையோடு உன் எட்டுப் பக்கம் வந்து விழுந்தது.

நீ பக்குவமாகச் சொல்லச் சொல்கிறாயே, நிச்சயம் முடிந்த பெண்ணை வேண்டாம் என்று சொல்ல எந்த ஊரில் பக்குவம் விற்கிறார்கள்? தை பிறந்தால் முகூர்த்தம். நாகர்கோவில் வரைக்கும் சொந்தக்காரர்களுக்கு வாய்ச்சொல் போய்விட்டது. இப்போது மாப்பிள்ளை வீடு பின்வாங்கினால் 'மாப்பிள்ளை வெடிக்குப் பயந்தான்' என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை. 'பெண்ணுக்கு என்னவோ குறை, அவாளுக்குத் தெரிஞ்சு போச்சு' என்றுதான் சொல்வார்கள். அடுத்த வரன் வருகிறவனும் அதைத்தான் முதலில் விசாரிப்பான். நீ பட்டணத்தில் நாயைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு சுகமாக இருப்பாய். அவள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்து தலை நரைக்க வேண்டும். இதை யோசித்தாயா? எட்டுப் பக்கத்தில் அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன், நாய் முப்பத்திரண்டு தடவை வருகிறது.

நாலாம் பக்கத்தில் பழியைத் தூக்கி அப்பா தலையில் போட்டிருக்கிறாய். பாயசக் கதை. அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. உனக்கு நாலு வயது. வெடிக்குப் பயந்து நீ அலறுவதைப் பார்த்து, ஆபீசில் யாரோ அவரிடம், 'பகவதி சன்னிதியில் நாற்பத்தியொரு நாள் குழந்தையை நிறுத்தி வெடி வழிபாடு நடத்தினால் பயத்தை அவளே எடுத்துக்கொள்வாள்' என்று சொல்லிவிட்டார்கள். உன் அப்பாவுக்கு யார் சொன்னதையும் அப்படியே செய்கிற வழக்கம் கிடையாதே, தன் மூளையையும் கொஞ்சம் சேர்த்தார். வெடி போடுகிற நேரத்தில் வாயில் இனிப்பு இருந்தால் பிள்ளைக்கு வெடியும் இனிக்கும் என்று, கோயில் சர்க்கரைப் பாயசத்தை ஒரு கிண்ணத்தில் வாங்கி, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தீ வைக்கிற நொடியில் சரியாக ஒரு கரண்டி உன் வாயில் தள்ளுவார். கதினாவுக்குப் பத்தடி தூரத்தில்! பன்னிரண்டாம் நாள் நீ பாயசக் கிண்ணத்தைக் கண்டதுமே அழுதாய். பத்தொன்பதாம் நாள் வாந்தியும் காய்ச்சலும். அன்றோடு வழிபாடு நின்றது, அன்றோடு நீ பாயசம் குடிப்பதும் நின்றது. இருபத்து மூன்று வருஷமாக எந்தக் கல்யாணப் பந்தியிலும் பாயசம் வருவதற்குள் எழுந்து போகிறவன் நீ ஒருத்தன்தான். இனிப்பு வெடியை விழுங்கும் என்று அவர் நினைத்தார், வெடி இனிப்பை விழுங்கிவிட்டது. உன் நாலாம் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சாய்வு நாற்காலியில் படுத்தபடியே என்ன சொன்னார் தெரியுமா? "சர்க்கரை கொறஞ்சு போச்சுட்டி. கருப்பட்டி போட்டிருந்தா கதையே வேறயாக்கும்." இந்த மனுஷரோடு நான் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன், நீ எனக்கு மனோதத்துவம் எழுதுகிறாய்.

ஆனால் பழி அவருடையது இல்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து, வாய் வரைக்கும் வந்து, விழுங்கியிருக்கிறேன். பாயசத்துக்கு முன்னாலேயே நீ பயந்திருந்தாய் அல்லவா, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உன் எட்டுப் பக்கத்தில் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. உனக்கு மூன்று வயது நிறையவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உற்சவம் பார்க்கப் போனேன். முதல் வெடி போட்டார்கள். நீ அழவில்லை. புகை மேலே போவதைக் கையைக் காட்டிச் சிரித்தாய், சாமி சத்தியமாகச் சிரித்தாய். அலறினது நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. மாமியாருக்குத் தெரியக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அடக்க முடியவில்லை. 'ஐயோ' என்று கத்தி, உன்னை நெஞ்சோடு நசுக்கி, குனிந்து உட்கார்ந்துவிட்டேன். நீ அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம்தான் வீறிட்டு அழுதாய். இரண்டாவது வெடிக்கு என் முகத்தைப் பார்க்காமலேயே அழுதாய். நீ வெடியிடம் பயம் கற்றுக்கொள்ளவில்லை, என்னிடம் கற்றுக்கொண்டாய். இதைக் கேட்டு உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

செய்ததோடு விட்டேனா? பாயசக் காய்ச்சல் விட்டதும், இனி என் பிள்ளை காதில் வெடிச் சத்தமே விழாது என்று சபதம் போட்டுக்கொண்டேன். உற்சவக் கொடி ஏறினால் உன்னைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வண்டி பிடிப்பேன். வழிபாட்டு நேரம் தெரிந்து உன் காதில் பஞ்சை அடைப்பேன். பள்ளிக்கூடத்துக்குக் கோயில் வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். நான் உன்னை ஆற்றுப் பக்கமாகச் சுற்றி அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போவேன். ஒவ்வொரு தடவையும் தப்பி வந்தபின் நீ ஒரு பெருமூச்சு விடுவாய், முகம் அப்படித் தெளிந்துவிடும். அந்தத் தெளிச்சியைப் பார்த்து நான் பூரித்துப் போவேன், பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று. பயம் குறைந்ததா? எங்கே குறைந்தது! முதலில் வெடிக்குப் பயந்தாய். அப்புறம் வெடிக்காரர் தெருவில் நடந்தால் பயந்தாய். அப்புறம் மருந்து வாசம், அப்புறம் கொடி, கடைசியில் செண்டை மேளம் தூரத்தில் கேட்டாலே கட்டிலுக்கடியில். சூடுவெள்ளத்தில் விழுந்த பூனை பச்சைவெள்ளத்தைக் கண்டாலும் ஓடும், அதாவது வெந்நீரில் விழுந்தது பச்சைத் தண்ணீருக்கும் பயப்படும் என்று அடுத்த வீட்டு மலையாளத்துச் சேச்சி சொல்லிச் சிரிப்பாள். அதற்கு ருஷ்யாவுக்குப் போக வேண்டியதே இல்லை. ஆனால் அந்தப் பூனை ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, நீயும் எழுதவில்லை. நான் சொல்கிறேன் கேள். ஓடினவுடன் கிடைக்கிறதே அந்தப் பெருமூச்சு, அதுதான் பயத்துக்குத் தீனி. அதை உனக்கு வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்தவள் நான். பட்டணத்தில் படிக்க வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாயே, அதுவும் அந்தப் பெருமூச்சுதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மூட்டை கட்டிக் கொடுத்தேன். இந்த எட்டுப் பக்கமும் அதுதான். கல்யாணம் வேண்டாம் என்று எழுதித் தபாலில் போட்டபின் ஒரு பெருமூச்சு விட்டாயா இல்லையா? உண்மையைச் சொல்.

ஆறாம் பக்கத்தில் மட்டும் இரண்டே வரி, எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். மணியை அடித்துக்கொண்டே இருந்து, தீனி வைக்காமலே விட்டால், நாளாவட்டத்தில் நாய்க்கு எச்சில் ஊறுவதும் நின்றுவிடுமாம். அட சண்டாளா, மற்ற ஏழு பக்கத்துக்கும் சேர்த்து எனக்குப் பிரயோஜனமானது இந்த இரண்டு வரிதானே! இதை ஏன் ஒளித்து எழுதினாய்? வெடி வெடித்தபின் ஒன்றுமே ஆகாமல் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே நிற்க வேண்டும். ஓடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? உன் அப்பா உன்னை முதல் நாளே பத்தடியில் கொண்டு நிறுத்தினார். நான் உன்னை நாற்பது மைலுக்கு அப்பால் கொண்டு ஒளித்தேன். இரண்டுக்கும் நடுவில் இத்தனை தெரு இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில் படவில்லை.

ஆகவே ஐம்பத்தோரு வயதில் நான் போனேன். ஆமாம், நான்தான். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில், காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரமனைக்கு நடந்தேன். முதல் நாள் நாகர்கோவில் ரோட்டில், வைக்கோல் வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்றேன். வெடி தூரத்தில் கேட்டது. அதற்கே கூடையைக் கீழே போட்டுவிட்டேன், வண்டிக்காரன் எடுத்துக் கொடுத்தான். அங்கேயே நின்றேன். நெஞ்சு படபடத்தது, படபடத்தது, பிறகு தானாக அடங்கியது. இத்தனை வருஷத்தில் அது அடங்குகிற வரைக்கும் நான் நின்றதே இல்லை, அதனால் அது அடங்கும் என்றே எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சந்து முனை. ஐந்தாம் நாள் கோயில் கிணற்றடி. ஆறாம் நாள் அடுத்தடுத்து ஐந்து வெடி போட்டார்கள், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். ஏழாம் நாள் திரும்பவும் சந்து முனையிலிருந்து ஆரம்பித்தேன். உன் அப்பா, "தினமும் என்ன எளவு காய்கறி, கூடை காலியா வருகு?" என்று கேட்டார். கேட்கட்டும்.

ஒன்பதாம் நாள் மதிலுக்கு உள்ளே போய் நின்றேன். வெடிக்காரர் குட்டன் பிள்ளை நீளக் கம்பியில் தீயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மைக்கு எந்தா வழிபாடு? தினம் வந்து நிக்குந்நல்லோ" என்றார். வழிபாடு ஒன்றுமில்லை, பயம் தீரத்தான் நிற்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனிக்கும் பேடி உண்டு அம்மே. தீ வெச்சுட்டுத் திரும்பி நடக்கும்போ முதுகு இப்பவும் கூசும். நாப்பது கொல்லமாச்சு. பேடி இருந்நோட்டே, காலு நிந்நா மதி" என்றார். நாற்பது வருஷமாக வெடி வைக்கிறவருக்கே பேடியாம், பயம்; அது இருந்துவிட்டுப் போகட்டும், கால் நின்றால் போதுமாம். அப்புறம் கொளுத்தினார். நான் துள்ளினேன், கண்ணை மூடினேன், ஆனால் கால் நின்றது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நாளைக்கும் துள்ளுவேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே செண்பகம் நிற்கிறாள். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். "அத்தே, நீங்க ஒரு வாரமா இங்க வந்து நிக்கது நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வீட்டுக்குள்ள வராம இங்க நிக்கது என்னத்துக்காக்கும்?" என்று கேட்டாள். குரலில் ஒரு வெட்டு இருந்தது. வயிற்றுக் கோளாறு என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உற்சவம், என் அலறல், பாயசம், பஞ்சு, நீ ஆற்றங்கரைக்கு ஓடினது, உன் எட்டுப் பக்கம், அதன் கடைசி வரி வரைக்கும். கோபித்துக்கொள், எனக்கு அக்கறையில்லை. அவள் அப்படியே கோயில் மதிலில் சாய்ந்து நின்றாள். பிறகு, "வெடிக்கா ஓடினாரு? நான் நிமிந்து பாத்தேன், அவரு ஓடினாரு. என் மூஞ்சியப் பாத்துத்தான் ஓடினாருன்னு நெனச்சேன் அத்தே. மூணு மாசமா கண்ணாடி பாக்கல்ல" என்றாள். நீ ஒருத்தன் பெருமூச்சு விடுவதற்காக இன்னொருத்தி மூன்று மாதம் கண்ணாடி பார்க்காமல் இருந்திருக்கிறாள். இதற்கு உன் காலேஜில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

நானே சொன்னேன், "ஒங்கப்பாகிட்டச் சொல்லி நூத்தியொண்ணை வேற கோயிலுக்கு மாத்திரலாமா மக்களே?" என்று. பார்த்தாயா, ஒன்பது நாள் நின்றும் என் புத்தி போகிற போக்கை! மறுபடியும் உன் காதில் பஞ்சு அடைக்கத்தான் கை போகிறது. அவள் தலையை ஆட்டினாள். "மாத்தலாம். அப்பா சம்மதிப்பாரு. அதுக்குப் பொறவு? எங்க வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கந்தானே பகவதி இருக்கா. நான் எங்கம்மையப் பாக்க வரும்போ அவரு ரோட்டுலயே நிப்பாரா? பிள்ளை பொறந்தா அதையும் ரோட்டுல நிறுத்துவாரா?" என்றாள். அந்தக் கடைசிக் கேள்வி எனக்குத்தான், நான் செய்தது அதைத்தானே.

ஆகையால் நான் கரமனைக்கு மறுப்பு எழுத மாட்டேன், சொல்லவும் மாட்டேன், அப்பாவையும் சொல்ல விட மாட்டேன். இருபத்து மூன்று வருஷமாக நீ ஓடுவதற்கு வழி திறந்து வைத்தவள் இந்த ஒரு கதவைத் திறக்க மாட்டேன். வேண்டாமென்றால் நீயே வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போ. வேண்டுமென்றால் தைக்கு முன்னால் பதினைந்து நாள் லீவு எழுதிப் போட்டுவிட்டு வா. வைக்கோல் வண்டி நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம், நானும் கூட நிற்கிறேன். அழுதால் அழு, வாந்தி வந்தால் எடு. ஊரார் சிரித்தால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் புறப்படும்போது அவள் சந்து முனை வரைக்கும் கூட வந்தாள். "அத்தே, வெடிச்சா ஓடுவாரு, சாரமில்ல, ஓடட்டும். ஓடினா திரும்பி வருவாரா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். வருவான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நீ திரும்பி வரவில்லையே, நான் எதை நம்பிச் சொல்ல? "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பெற்ற மகனைப் பற்றி இந்த ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லையே என்று வலியசாலை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பதிலை எனக்கு எழுதாதே. அவள் வாசலில் வந்து நின்று சொல்.

அம்மா